ஆக்டோபஸுக்கு மூன்று இதயம்

"எம்மா, ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

சங்கரி இதைக் கேட்டபோது நாங்கள் விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் இருந்தோம். ஆமத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருந்தோம். எதிரே வந்த பஸ்ஸின் டிரைவரும் எங்கள் டிரைவரும் நடு ரோட்டில் வண்டிகளை நிறுத்தி ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டார்கள். கண்டக்டர் இறங்கிப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். வந்தவர் விசில் கொடுக்கவில்லை. படியில் நின்றபடி, யாரையும் பார்க்காமல், பொதுவாகச் சொன்னார்.

"வெம்பக்கோட்டை ரோட்டுல ஒரு கம்பெனி வெடிச்சிருச்சாம்."

"எந்தக் கம்பெனி?" என்று நாலு திசையிலிருந்தும் கேட்டார்கள்.

"அது தெரியலை. பொகைதான் தெரியுதாம்."

அப்புறம்தான் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது.

என் வீட்டுக்காரர் அந்த ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். தீபாவளிக்கு முந்தைய மாதம். லோடு போய்க்கொண்டே இருக்கும் சீசன். அந்த ரோட்டில் கம்பெனிகள் எத்தனையோ இருக்கின்றன, நம்முடையதாக ஏன் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் இருந்த எல்லோருமே அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. அத்தனை பேருக்கும் அந்தக் கணக்கு சரியாக வர வாய்ப்பில்லை.

அந்த நேரத்தில்தான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் ஒரே மகள் ஆக்டோபஸைப் பற்றிக் கேட்டாள்.

நான் அவளைத் திட்டவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "மூணு," என்றேன்.

"ரத்தம் என்ன கலரு?"

"நீலம்."

"கரெக்ட்," என்றாள் சங்கரி. எனக்கு மார்க் போடுகிற மாதிரி.

மிருகங்கள் கேஸ் போடுவதில்லை

ஆக்டோபஸின் இதயக் கணக்கு எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாளில் அதுதான் என் பிழைப்பு.

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தேன். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாள் இருக்கிறதே, அதில் தேதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் போக அடியில் ஒரு விரற்கடை இடம் மிஞ்சும். அந்த இடத்துக்கு ஒரு துணுக்கு வேண்டும். வருஷத்தின் எல்லா நாளுக்கும் அந்த விரற்கடை இடத்தை நிரப்பும் பொறுப்பு எம்.ஏ. வரலாறு படித்த என்னிடம் இருந்தது.

ஆரம்பத்தில் படித்த படிப்புக்கு மரியாதை செய்யலாமே என்று ராஜாக்கள் கதையாகப் போட்டேன். அண்ணனைக் கொன்று பட்டத்துக்கு வந்த தம்பி, அப்பாவைச் சிறையில் போட்ட மகன், இப்படி. முதலாளி புரூஃபைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஏம்மா, காலைல எந்திரிச்சுத் தாளக் கிழிக்கிறவன் கண்ணுல கொலையா படணும்?"

சரி என்று உடல்நலக் குறிப்புக்கு மாறினேன். வெறும் வயிற்றில் எதையோ சாப்பிட்டால் நல்லது என்று போட்டதை நம்பி யாரோ சாப்பிட்டு, வாந்தி எடுத்து, கம்பெனிக்கே போன் போட்டு ஏசினார்கள். சாமி பற்றிப் போட்டால் வேறு சாமிக்காரர்கள். தலைவர்கள் பற்றிப் போட்டால் வேறு கட்சிக்காரர்கள். கடைசியில் முதலாளியே ஒரு வழி சொன்னார்.

"பேசாம மிருகமாப் போடும்மா. அதுகதான் கேஸ் போடாது."

அப்படித்தான் நான் வரலாற்றிலிருந்து விலங்கியலுக்குப் போனேன். வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும். டால்பின் பாதி மூளையோடு தூங்கும். யானையால் குதிக்க முடியாது. நெருப்புக்கோழியின் கண், அதன் மூளையைவிடப் பெரியது. ஒருமுறை நெருப்புக்கோழி பயம் வந்தால் தலையை மண்ணில் புதைத்துக்கொள்ளும் என்று போட்டுவிட்டேன். எங்கோ ஒரு ஊரிலிருந்து கால்நடை டாக்டர் போன் செய்து, அது தவறு, அப்படிச் செய்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்று பொறுமையாக விளக்கினார். மன்னிப்புக் கேட்டேன். டாக்டரிடம்தான். நெருப்புக்கோழி போன் செய்யவில்லை.

இதெல்லாம் தெரிந்து யாருக்கு என்ன லாபம் என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவர் அதிகம் பேசாதவர். பேசினால் இப்படி ஏதாவது ஒன்று. "பனிக்கரடி தோலு கறுப்பா இருந்தா நமக்கென்ன, அது நம்ம வீட்ல பொண்ணா கேக்கப் போகுது?"

ஆனால் வீட்டில் ஒரு ஆளுக்கு லாபம் இருந்தது. கம்பெனியிலிருந்து கழிவு புரூஃப் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவேன். தோசை கட்டிக் கொடுக்க உதவும். சங்கரி பள்ளிக்கூடத்தில் தோசையைத் தின்றுவிட்டுத் தாளையும் படித்து முடித்துவிடுவாள். மற்ற பிள்ளைகள் தோசையை மட்டும் தின்றார்கள். அதனால் அவர்கள் கணக்கில் நல்ல மார்க் வாங்கினார்கள். என் மகள் வினாடி வினாப் போட்டிக்குப் போனாள்.

மருந்து

அன்று காலையில் விருதுநகரில் நடந்தது அப்படி ஒரு போட்டிதான். மாவட்டத்துப் பள்ளிகளெல்லாம் வந்திருந்தன. என்னைத் துணைக்கு அனுப்பியதற்குக் காரணம், என்னை விட்டுவிட்டுப் போனால் நான் வீட்டில் இருந்துகொண்டு பதறுவதைத் தாங்க முடியாது என்று அப்பாவும் மகளும் முடிவு செய்திருந்ததுதான். குக்கர் இரண்டாவது விசில் அடித்தாலே அடுப்பங்கரையை விட்டு வெளியே வந்துவிடுகிற ஆள் நான். பட்டாசு ஊரில் வாக்கப்பட்டிருக்கிறேன்.

சிறப்பு விருந்தினராக வந்தவர் வினாடி வினாவின் பயன்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். மூளைக்கு அது உடற்பயிற்சி மாதிரியாம். நினைவாற்றல் வளருமாம். மன அழுத்தம் குறையுமாம். வயதான காலத்தில் மறதி வராதாம். இடையில் இரண்டு முறை எங்கள் பள்ளியின் பெயரை மாற்றிச் சொன்னார். மூன்றாவது முறை பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுச் சரியாகச் சொன்னார். கை தட்டினோம்.

கடைசிச் சுற்றுவரை சங்கரியின் அணிதான் முன்னால் இருந்தது. அது உடல்நலச் சுற்று. கேள்வி கேட்பவர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஆசிரியர். நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"வீட்டில் மருந்து வைத்திருப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது எது?"

காலாவதித் தேதி என்பது விடை. சங்கரி கேள்வி முடியும் முன்பே மணியை அடித்தாள்.

"வீட்ல மருந்து வைக்கவே கூடாது சார்."

"வைக்கக் கூடாதா?"

"கூடாது சார். கம்பெனிலயே தனி ரூம்லதான் வைக்கணும். வீட்ல வச்சாப் போலீஸ் பிடிக்கும். லைசென்ஸ் போயிரும்."

மண்டபம் சிரித்தது. சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கும் ஒரு நொடி விளங்கவில்லை.

எங்கள் ஊரில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற வெடிமருந்துதான். மருந்து கலப்பார்கள், மருந்து காயவைப்பார்கள், மருந்து அடைப்பார்கள். கையில் மருந்து பட்டால் கழுவச் சொல்வார்கள். காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்துதான், ஆனால் அதை மாத்திரை, ஊசி, டானிக் என்று தனித்தனியாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வோம். வெளியூர் ஆசிரியருக்கு இது தெரிய நியாயமில்லை. தப்பான விடை என்று சொல்லிவிட்டார். சங்கரிக்கு இரண்டாம் பரிசு, ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர்.

அவளோடு சேர்ந்து ஆடிய பெண் தன் அப்பாவோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டாள். நாங்கள் பஸ் ஏறினோம். ஏறியதிலிருந்து சங்கரி டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, "நம்மூருல நடத்தியிருந்தா நான்தாம்மா ஃபர்ஸ்ட்டு," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆமத்தூர்வரை எங்கள் வாழ்க்கையில் இருந்த பிரச்சினை அது ஒன்றுதான்.

லைன் கிடைக்கலை

பஸ்ஸில் போன் வைத்திருந்தவர்கள் எல்லோரும் காதில் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டு செல்போன் அன்று என் பையில் இருந்தது. அவரிடம் வேறொன்று இருந்திருந்தாலும் பயனில்லை. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. பீடி, தீப்பெட்டி, போன் எல்லாவற்றையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கேட்டில் வாட்ச்மேன் அறையில் ஒரு சாதாரண போன் உண்டு. அந்த நம்பரைப் போட்டேன். எங்கேஜ். மறுபடி எங்கேஜ். எத்தனை முறை என்று தெரியாது. திடீரென்று மணி போனது.

வாட்ச்மேனுக்குக் காது மந்தம். அதனால் போனில் கத்தித்தான் பேசுவார்.

"நான் போர்மேன் வீட்ல பேசுதேன். நம்ம கம்பெனியா தாத்தா?"

"ஆமா தாயி. கலவை ரூமு."

கலவை ரூம் என்பது மருந்து கலக்கிற இடம். அதற்கப்புறம் கேட்பதற்கு எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது.

"அவுக எங்க?"

"போர்மேனா? போர்மேன் மருந்து வாங்கப் போனாரு தாயி. அப்பந்தான் வெடிச்சது. போனவரு இன்னும் வரலை."

லைன் துண்டித்துக்கொண்டது.

போர்மேன் மருந்து வாங்கப் போவது தினசரி நடப்பதுதான். கலவை ரூமில் கலந்து வைத்திருப்பதை அளந்து வாங்கி, அடைக்கிற ஷெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. எனக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

"என்னம்மா சொன்னாக?" என்றாள் சங்கரி.

"லைன் கிடைக்கலை," என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, "எம்மா, வண்ணத்துப்பூச்சி எதால ருசி பாக்கும்?" என்றாள்.

வாயைத் திறந்தால் என்ன வெளியே வரும் என்று எனக்குத் தெரியவில்லை. விடைதான் வந்தது. "காலால," என்றேன்.

"காலாலயா?" என்றது பக்கத்து சீட்டில் இருந்து ஒரு குரல்.

ஓடும் பஸ்ஸில் ஒரு போட்டி

குரல் கொடுத்த அம்மாளின் பெயர் பேச்சியம்மாள் என்பது போகப் போகத் தெரிந்தது. மடியில் ஒரு கூடை. மகள் தீப்பெட்டி ஆபீசுக்கும் மருமகன் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனிக்கும் போகிறார்களாம். மருமகனின் கம்பெனிக்குப் போன் போட அந்த அம்மாளிடம் நம்பரும் இல்லை, போனும் இல்லை.

"காலால ருசி பாத்தா, அது சாணில உக்காந்தா என்னத்தா செய்யும்?"

சங்கரி யோசித்தாள். "தெரியலை பாட்டி. பறந்துரும்."

"ம். பாவம், அதுக்கும் ஒரு பொழப்பு."

முன் சீட்டில் ஒரு அண்ணாச்சி. விருதுநகர் மார்க்கெட்டில் மல்லியும் வத்தலும் வாங்கி விற்பவர் என்று அவர் மேல் அடித்த வாசனையே சொன்னது. அவர் தம்பி அந்த ரோட்டில் லாரி ஓட்டுகிறான். போனை அமுக்கி அமுக்கிச் சலித்துப்போய்ப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"கேளு பாப்பா, எனக்கொண்ணு கேளு."

"ஒட்டகத்தோட திமில்ல என்ன இருக்கும் அண்ணாச்சி?"

"தண்ணி."

"தப்பு. கொழுப்பு."

"கொழுப்பா?" அண்ணாச்சிக்குக் கோபமே வந்துவிட்டது. "கொழுப்பு முதுகுலயா இருக்கும்? எங்க கடை கணக்குப்பிள்ளைக்கு வாயிலல்ல இருக்கு."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டு அவரும் வந்து சாய்ந்துகொண்டார். பனிக்கரடியின் தோல் கறுப்பு என்றதும் பேச்சியம்மாள், "அப்ப மேல பவுடரப் போட்டுக்கிட்டுத் திரியுதாக்கும்," என்றார். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் மனிதனுக்கு இருக்கிற அதே எண்ணிக்கையில்தான் எலும்பு என்றதைக் கண்டக்டர் நம்பவே இல்லை. "அப்பிடின்னா என் கழுத்து ஏன் நீளலை? நானும் பஸ்ஸுக்கு வெளிய நீட்டி நீட்டித்தான பாக்கேன்?"

வெளியிலிருந்து யாராவது அந்த பஸ்ஸைப் பார்த்திருந்தால் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் என்று நினைத்திருப்பார்கள். யாரும் அழவில்லை. எந்தக் கம்பெனி என்று யாரும் மறுபடி கேட்கவில்லை. ஒரு கேள்வி முடிந்து அடுத்த கேள்வி வருவதற்குள் கொஞ்சம் இடைவெளி விழும். அந்த இடைவெளியைத்தான் யாருக்கும் பிடிக்கவில்லை. "அடுத்து? அடுத்து?" என்று அவசரப்படுத்தினார்கள். சங்கரிக்குக் கேள்வி தீர்ந்துவிடுமோ என்று எனக்குப் பயம் வந்தது. அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான். கலவை ரூமை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயப்பட முடிந்தது.

சிறப்பு விருந்தினர் சொன்னதெல்லாம் உண்மைதான். மூளை வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஒரு பக்கம் பின்னோக்கிப் பறக்கும் பறவை எது என்று யோசித்தது. மறு பக்கம் யாருக்கு முதலில் சொல்ல வேண்டும், மதுரையில் இருக்கும் அவர் தங்கைக்கா, ஊரில் இருக்கும் என் அண்ணனுக்கா என்று வரிசை போட்டது. டால்பினைப் பற்றி எத்தனை வருஷம் எழுதியிருந்தேன். பாதி மூளை என்றால் என்ன என்று அன்றுதான் புரிந்தது.

"எம்மா, ஒன்னயத்தான். பின்னால பறக்கிற பறவை?"

"கழுகு," என்றேன்.

"தேன்சிட்டு மாதிரி இருக்கும்ல, ரீங்காரச் சிட்டு. இது நீயே போட்டதும்மா. ஜூலைத் தாள்ல."

"பாவம், அம்மாவுக்கு ஒரு சான்ஸ் குடு," என்றார் அண்ணாச்சி.

திருத்தங்கலில் பேச்சியம்மாள் இறங்கினார். கூடையைத் தூக்கிக்கொண்டு படிவரை போனவர் திரும்பி, "யாத்தா, அந்த யானை ஏன் குதிக்காதுன்னு சொல்லலையே?" என்றார்.

"எடை பாட்டி. கால் எலும்பு தாங்காது."

"அது சரி. குதிச்சு எங்க போகப் போகுது," என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர் மருமகன் எந்தக் கம்பெனி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் கம்பெனி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஆஸ்பத்திரி வாசல்

சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எந்தப் பக்கம் போவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கூட்டம் போகிற பக்கம் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வேன் வரும்போதெல்லாம் எல்லோரும் எழுந்தார்கள். இறக்கியது தங்கள் ஆள் இல்லை என்று தெரிந்தால் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒருத்தி மட்டும் உட்காரவில்லை.

சங்கரி என் கையைப் பிடித்திருந்தாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. டிபன் கேரியரைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

மூன்றாவதோ நாலாவதோ ஒரு வேன் வந்தது. பின் கதவு திறந்தது. உள்ளே படுத்திருந்தவரின் தலைமாட்டில் ஒருவர் குந்தியிருந்தார். சட்டையெல்லாம் கரி. இறங்கி, மற்றவர்களோடு சேர்ந்து ஸ்டிரெச்சரைப் பிடித்து உள்ளே கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்தார். இடது கன்னம் பம்மென்று வீங்கியிருந்தது. அந்த வீக்கத்தால்தான் முதலில் எனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

"நீங்க எப்பிடி இங்கன?" என்றார் என் வீட்டுக்காரர்.

சங்கரிதான் சொன்னாள். "பஸ்ஸுல வரும்போதே தெரியும்ப்பா. அம்மா போன் பண்ணுச்சு."

"பண்ணுனீகள்ல? பெறகு ஏன் இங்க வந்து நிக்கீக? வாட்ச்மேன் சொல்லலையா?"

"சொன்னாரு," என்றேன்.

"என்ன சொன்னாரு?"

"நீங்க மருந்து வாங்கப் போயிருக்கீகன்னு."

"ஆமா. பல்லு வலி தாங்கலை. வெம்பக்கோட்டைக் கடைல போயி மாத்திரை வாங்கிட்டுத் திரும்புதேன், பாதி வழில சத்தம் கேக்குது." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். சின்னப் பழுப்புக் கவர் ஒன்று எட்டிப் பார்த்தது. "பல்லுக்கு மருந்து வாங்கப் போறேன்னு வாட்ச்மேன்ட்ட சொல்லிட்டுத்தான போனேன். அவரும் ஒன்ட்ட சொல்லியிருக்காரு. பெறகென்ன?"

சங்கரிதான் முதலில் சிரித்தாள். அந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளேயே அழுகையாக மாறியது. அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. "அடப் பாவி மனுசா," என்று எங்கோ இருந்த வாட்ச்மேனைச் சொல்லிவிட்டு, அப்படியே மதில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இன்றைக்கு யோசித்தால் எல்லாம் தெளிவாக இருக்கிறது. கலவை ரூமுக்குப் போகிறவர் கேட்டில் சொல்லிக்கொண்டு போக மாட்டார். கேட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது கேட்டைத் தாண்டி வெளியே போகிறவர்களை மட்டும்தான். ஒரு வினாடி வினாவில் புதிராகக் கேட்டிருந்தால் உடனே மணி அடித்திருப்பேன்.

ஆனால் அந்த விடையை எல்லாக் குடும்பத்துக்கும் யாரும் சொல்லிவிட முடியவில்லை. கலவை ரூமில் இருந்தவர்கள் வரவில்லை. அவர்களில் ஒருவர்தான் அன்று காலையில் இவர் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "இதோட ஏண்ணே நிக்கீக, போயி மாத்திரை வாங்கிப் போட்டுட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்," என்று அனுப்பியவர். இதை என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்ல அடுத்த பொங்கல்வரை ஆயிற்று. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்.

சங்கரி அடுத்த நாளே சொல்லிவிட்டாள். "நீ லைன் கிடைக்கலைன்னு சொன்ன பாரு. எனக்கு எல்லாம் கேட்டுச்சும்மா. அந்தத் தாத்தா அம்புட்டுச் சத்தமால்ல பேசுனாரு."

அப்படியானால் அப்பா போய்விட்டார் என்று அவளும் முடிவே செய்துவிட்டுத்தான் வண்ணத்துப்பூச்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அவளுக்குத் தெரியக் கூடாது என்று நான் விடை சொன்னேன். தனக்குத் தெரிந்துவிட்டது எனக்குத் தெரியக் கூடாது என்று அவள் கேள்வி கேட்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரம்

அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சில மாதம் வீட்டில் இருந்தார். பல்லைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வேறொரு கம்பெனியில் போர்மேனாகச் சேர்ந்தார். வேறு வேலைக்குப் போகலாமே என்று கேட்டேன். "எனக்கு வேற என்ன தெரியும்?" என்றார். எனக்கு வந்த கேள்விகளிலேயே கஷ்டமானது அதுதான்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வந்து எனக்குப் போன் செய்ய வேண்டும். ஒத்துக்கொண்டார். ஆனால் அவர்தான் பேசாத ஆளாயிற்றே. "ம். சாப்ட்டேன். வைக்கட்டா?" அவ்வளவுதான். வைத்தபிறகு அது அவர் குரல்தானா என்றே எனக்குச் சந்தேகம் வரும். மறுபடி அந்த நம்பரைப் போடுவேன். புது வாட்ச்மேன் எரிச்சல்பட்டார்.

அதனால் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தேன். கையிலே எப்படியும் நாளைய தாளுக்கான துணுக்கு இருக்கும். அவருக்கு ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. பெண்டாட்டி போனில் நத்தையைப் பற்றிக் கேட்கிறாள் என்று கேட்டில் யாரிடம் சொல்ல முடியும்? ஆனால் பதில் சொல்ல நாலு வார்த்தை பேசியாக வேண்டும். எனக்கு அந்த நாலு வார்த்தை போதும். கொஞ்ச நாளில் அவருக்கும் பிடித்துப்போயிற்று. மூளைக்கு நல்லது என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்து எனக்கே சொன்னார்.

சிக்கல் என்னவென்றால் தெரிந்த கேள்வியாக இருந்தால் டக்கென்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். சரியான விடையோடு போன் துண்டாகிறபோது எனக்கு ஏதோ முடிந்துபோன மாதிரி இருக்கும். மத்தியானம் முழுவதும் வேலை ஓடாது. சாயந்தரம் கம்பெனி வேன் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்கும்வரை அப்படித்தான்.

ஒருநாள் தற்செயலாகக் கஷ்டமான ஒன்றைக் கேட்டுவிட்டேன்.

"ஏங்க, வௌவாலு ஏன் தலைகீழாத் தொங்குது?"

அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"தெரியலையே," என்றார். "நீ சொல்லாத. இங்கன நாலு பேருட்ட கேட்டுப் பாக்கேன். சாயந்தரம் வந்து சொல்லுதேன்."

அன்று மத்தியானம் ஒரு தாளில்கூடத் தவறு விடாமல் புரூஃப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து அவருக்கு நிச்சயம் தெரியாததாகத் தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். மிருகங்கள் தீர்ந்து கடலுக்குள் போனேன், நட்சத்திரங்களுக்குப் போனேன். முதலாளிக்குப் பரம திருப்தி, காலண்டர் துணுக்குகள் தரம் உயர்ந்துவிட்டதாக வியாபாரிகள் சொல்கிறார்களாம். என் வீட்டுக்காரருக்கோ நாளாக நாளாக அவமானம். "ஒண்ணாவது எனக்குத் தெரிஞ்சதாக் கேளேன்," என்பார்.

கேட்கவே மாட்டேன். தெரியலை என்று அவர் சொன்ன பிறகும் போனைக் காதிலேயே வைத்திருப்பேன், சாயந்தரம் வந்து சொல்லுதேன் என்கிற மிச்சத்தையும் அவர் சொல்லி முடிக்கும்வரை.